இருக்கலாம்

தார்த்து நகரில், மூன்றாம் மாடி.
சன்னலுக்கு வெளியே எமாயோகி ஆறு
பாதி உறைந்திருக்கிறது, பாதி இன்னும் யோசிக்கிறது.
மருந்துகளின் பக்கவிளைவுகளைப் படிப்பது என் வேலை.
அன்றைக்குப் பன்னிரண்டாவது படிவம்.

பெயர் தேவையில்லை என்று அச்சடித்த வரியின் மேலேயே
பெயர் எழுதியிருந்தாள்:
ஹெல்யு பார்ன், ஐம்பத்தெட்டு, வோரு பக்கம்.
பால் லாரி ஓட்டுகிறேன்.

வலது கண்ணில் ஒட்டுப் படலம், ஆறு வருடமாக.
யாருடையது என்று சொல்லமாட்டார்கள்.
நானும் கேட்கவில்லை.
முதல் வருடம் மட்டும்
விடியலோ மானோ எது எதிர்ப்பட்டாலும்
அந்த ஆளிடம்
‘பார்த்துக்கொள்’ என்று சொல்லிவிட்டுத்தான் பார்ப்பேன்.

நவம்பர் பதினொன்று, ஃப்ளூ ஊசி, இடது தோள்.
பத்தாம் நாள் காலை
எதிரே வந்த டிராக்டரின் விளக்கு
கண்ணுக்குள் இறங்கியது,
தோளில் இறங்கியதைவிடப் பெரிய ஊசியாக.
கண் சிவந்துவிட்டது.
கோபமென்று நினைத்த பண்ணைக்காரர்
நான் கேட்காமலே பால் கணக்கைத் திருத்திக் கொடுத்தார்.

இணைப்பில் மருத்துவரின் கையெழுத்து:
கருவிழிப் படலத்தில் அழற்சி.
உடல் ஒட்டை மறுக்கத் தொடங்கியிருக்கிறது.
சொட்டு மருந்து, மணிக்கொரு முறை, இரவிலும்.

ஊசி என்ன செய்யும்?
தூங்குகிற காவலாளியைத் தட்டி எழுப்பும்.
இன்ன முகத்தோடு ஒருவன் வருவான், பார்த்துவை என்னும்.
எழுந்தவன் சும்மா படுப்பானா?
விளக்கைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் சுற்றுவான்.
கண்ணாடி அறையில் ஆறு வருடமாகச்
சத்தமில்லாமல் குடியிருக்கிறவனைக் கண்டு
யாரடா நீ என்பான்.

இப்படி நடக்கக்கூடும்.
இப்படித்தான் நடந்ததா என்பது வேறு கேள்வி.
காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது
என்று முடித்துவிடலாம்தான்.
காக்கைக்கும் கனம் உண்டே.
பக்கத்து மேசை தாவெத் சொல்கிறான்:
ஊசி போடாமலே ஒட்டு போனவர்கள் இருக்கிறார்கள்,
போட்டுக்கொண்டு நன்றாக இருப்பவர்கள்
நமக்கு எழுதுவதில்லை.
உண்மை.
கண் நன்றாகத் தெரிகிறது என்று
இந்த அலுவலகத்துக்கு ஒரு கடிதம்கூட வந்ததில்லை.

விட்டுப்போன தேதி ஒன்றுக்காகத் தொலைபேசினேன்.
இருட்டு அறையில் இருக்கிறேன், பேசுங்கள் என்றாள்.
வெளியே பனி கத்துகிறது, திரை போட்டும் கேட்கிறது.
அடுத்த வருடமும் ஊசி உண்டா? நானே கேட்டேன்.
உண்டு. முன்கூட்டியே சொட்டு மருந்தைக் கூட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.
ஒரு குளிர்காலம் போடாமல் விட்டேன்,
பதினேழு நாள் மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

அப்புறம் அவளாகவே:
ஊசியைக் குற்றம் சொல்ல எழுதவில்லை, தம்பி.
வளைவில் பனிக்கட்டி கிடந்தால்
எதிரே வருகிற வண்டிக்கு
இரண்டு தரம் விளக்கைச் சிமிட்டுவோம்.
சாலையை மூடு என்றா அதற்கு அர்த்தம்?

தேதியைக் குறித்துக்கொண்டேன்.
ஒட்டு நிற்குமா என்று நான் கேட்கவில்லை.
மார்ச்சில் தெரியும் என்று அவள் சொன்னாள்.

படிவத்தின் அடியில் ஐந்து கட்டங்கள்.
உறுதி என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில்
நான் அதிகம் தொடுகிற கட்டம்,
விசை தேய்ந்துபோகிற அளவுக்கு.
ஊசிக்கும் கண்ணுக்கும் என்ன உறவு
என்ற கேள்விக்குத்தான் அந்தப் பதில்.
ஆனாலும் அழுத்துகிற நேரத்தில்
வோருவில், திரை போட்ட அறையில்,
அவளுடைய கண்ணுக்குள்
பெட்டியைக் கட்டலாமா வேண்டாமா என்று நிற்கிற
பெயரில்லாத அந்த மனிதருக்கு
அனுமதி எழுதுவதுபோல் இருந்தது:
இருக்கலாம்.

பதின்மூன்றாவது படிவம்.
தோளில் அரிப்பு, ஒரு நாள்.